கதவை மூடினது ஆர்?

வடக்குக் கிழக்கில் 'கதவடைப்பு' எண்டு சொன்னால் எங்களுக்கு உடனே நினைவுக்கு வாறது ஹர்த்தால்தான். கடைகள் பூட்டியிருக்கும், பஸ் ஓடாது, பள்ளிக்கூடம் நடக்காது. சனம் தாங்களாகவே கதவைச் சாத்தி அதிகாரத்துக்கு எதிர்ப்புக் காட்டுகிற ஒரு முறை அது. ஆனால் தொழில் உலகத்தில் இதே சொல்லுக்கு நேரெதிரான இன்னொரு பொருள் இருக்கு. அங்கே கதவை மூடுவது முதலாளி. வேலைக்கு வந்த தொழிலாளியை வெளியில் நிறுத்திக் கேற்றைப் பூட்டிவிட்டு, "நான் சொல்லுற நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டால் உள்ளே வா, இல்லையெண்டால் பட்டினி கிட" எண்டு சொல்லுறதுதான் அந்தக் கதவடைப்பு. எங்கட நாட்டின் 1935 ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்திலேயே வேலைநிறுத்தமும் கதவடைப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சட்டத்தில் இரண்டும் இருந்தும், செய்தியில் ஒண்டுதான் இருக்கு.

பேப்பரை எடுத்துப் பாருங்கோ. தொழிலாளர் வேலையை நிறுத்தினால் "தொழிற்சங்கங்கள் அடம்பிடிப்பு", "பொதுமக்கள் அவதி", "நாட்டுக்குக் கோடிக்கணக்கில் நட்டம்". யார் செய்தது எண்டதில் ஒரு சந்தேகமும் வராது. முதலாளி பூட்டினால் "தொழிற்சாலை காலவரையறையின்றி மூடப்பட்டது". அவ்வளவுதான். ஆர் மூடினது? கேற் தானாகவே போய்ச் சாத்திக்கொண்ட மாதிரி ஒரு வாக்கியம். தமிழ் வாத்தியார் படிப்பித்த எழுவாய், பயனிலை எல்லாம் தொழிலாளிக்கு எதிரான செய்தியில் மட்டும் ஒழுங்காக வருது.

இந்தக் கட்டுரை அந்த எழுவாயைத் தேடுகிறது. கதவடைப்பு எண்டது நட்டத்துக்குப் பயந்து முதலாளி எடுக்கிற தற்காப்பு இல்லை. அது ஒரு தாக்குதல். பூட்டுறதின் நோக்கம் மூடி வைக்கிறது கூட இல்லை. திரும்பத் திறக்கும்போது ஆரை உள்ளே விடுறது, என்ன நிபந்தனையில் விடுறது எண்டு தீர்மானிக்கிறதுதான்.

ஒரு கையெழுத்துக்காக

1913, டப்ளின். அயர்லாந்து பிரித்தானியாவுக்குக் கீழே இருந்த காலம். நகரத்தின் ட்ராம் கம்பனி, ஒரு பெரிய நாளிதழ், ஹோட்டல் எண்டு பலதையும் கையில் வைத்திருந்தவர் வில்லியம் மார்ட்டின் மர்பி. ஜிம் லார்கின் கட்டிய போக்குவரத்து மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தில் ஆக்கள் சேரச் சேர அவர்களை வேலையால் நிறுத்தத் தொடங்கினார். ஓகஸ்ட் 26 ஆம் திகதி ட்ராம் தொழிலாளர் ட்ராம்களை நடுத்தெருவில் விட்டுவிட்டு இறங்கினார்கள். அதுக்கு மறுமொழியாக ஏறத்தாழ 400 முதலாளிமார் ஒண்டு சேர்ந்து ஒரு பத்திரம் தயாரித்தார்கள். முதலாளி சொல்லுற எல்லாத்துக்கும் கட்டுப்படுவேன், லார்கினின் சங்கத்தில் இருந்தால் விலகுவேன், இல்லையெண்டால் சேரவே மாட்டேன், அதுக்கு எந்த உதவியும் செய்யமாட்டேன். இதில் கையெழுத்துப் போட்டால் வேலை. போடாட்டிக் கேற் பூட்டு.

20,000 அளவான தொழிலாளர் வெளியில் நிண்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒண்டு இருக்கு: அந்தச் சங்கத்தில் இல்லாத பலரும் கையெழுத்துப் போட மறுத்தார்கள். இண்டைக்கு அவனுடைய சங்கம், நாளைக்கு என்னுடைய சங்கம் எண்டு அவர்களுக்கு விளங்கியிருந்தது. ஏறத்தாழ ஐந்து மாதம் பசியோடு போராடினார்கள். இங்கிலாந்துத் தொழிற்சங்கங்கள் கப்பலில் சாப்பாடு அனுப்பின. பட்டினி கிடந்த பிள்ளைகளை இங்கிலாந்துத் தொழிலாளர் வீடுகளுக்கு அனுப்பிச் சாப்பாடு கொடுக்கிற திட்டம் வந்தபோது, பிள்ளைகளின் மதம் கெட்டுப்போகும் எண்டு கத்தோலிக்கப் பேராயர் எதிர்த்தார். பிள்ளை பசியில் கிடக்கலாம், புரட்டஸ்தாந்து வீட்டில் சாப்பிடக் கூடாது! 1914 தொடக்கத்தில் பலர் தோற்றுப்போய்த் திரும்பினார்கள்.

இந்தக் கதையில் தமிழ் இளைஞர்கள் அடிக்கோடிட வேண்டிய ஒரு தகவல்: மர்பி வெள்ளைக்கார முதலாளி இல்லை. அவர் ஐரிஷ் தேசியவாதி. ஐரிஷ் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். பிரித்தானிய அரசர் கொடுக்க வந்த 'சேர்' பட்டத்தையே வேண்டாம் எண்டு சொன்னவர். அதே ஆள்தான் தன்னுடைய சொந்த இனத்துத் தொழிலாளியைப் பட்டினி போட்டுப் பணிய வைக்கப் பார்த்தவர். அவருடைய நாளிதழ் தினமும் தொழிலாளரைத் திட்டி எழுதியது. "எங்கட ஆள்தானே, எங்கட ஊரிலதானே பக்டரி போட்டிருக்கிறார்" எண்டு நெகிழ்ந்துபோகிற ஆக்கள் மர்பியை ஒருக்கால் நினைத்துக்கொள்ளுங்கோ.

இது நூறு வருசப் பழைய கதை எண்டு தள்ளிவிட ஏலாது. 2011, இந்தியாவின் ஹரியானா மாநிலம், மானேசர். மாருதி சுசுகி கார்த் தொழிற்சாலை. யூன் மாதம் தொழிலாளர் தங்களுக்கெண்டு ஒரு தனிச் சங்கம் கேட்டு 13 நாள் தொழிற்சாலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். ஓகஸ்ட் 29 ஆம் திகதி வேலைக்கு வந்தவர்களின் முன்னால் ஒரு தாள் நீட்டப்பட்டது: 'நன்னடத்தைப் பத்திரம்'. ஒழுங்காக நடப்பேன், உற்பத்தியைக் குறைக்க மாட்டேன் எண்டு எழுதிக் கொடுத்தால் உள்ளே போகலாம். பெரும்பாலானோர் மறுத்தார்கள், 33 நாள் வெளியில் இருந்தார்கள். வேடிக்கை என்னவெண்டால், சட்டப்படி வேலைநிறுத்தம் செய்த தொழிலாளியிடம் இப்படி நன்னடத்தைப் பத்திரம் கேட்டு வற்புறுத்துறதை இந்தியாவின் கைத்தொழில் பிணக்குச் சட்டம் 'நியாயமற்ற தொழில் நடைமுறை' எண்டு பெயர் சொல்லியே பட்டியல் போட்டிருந்தது. "இது வேலைநிறுத்தம் இல்லையே, நாங்கள்தானே வாசலில் நிறுத்தினனாங்கள்" எண்டு முதலாளி சொல்லுற இடத்தில் அந்தச் சட்டம் வாயை மூடிக்கொள்ளும். டப்ளின் முதலாளிமாரின் பத்திரத்தையும் மானேசர் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. 98 வருசத்தில் மாறினது தாளின் தரம் மட்டும்தான்.

அடுத்த வருசம் யூலை 18 அன்று அந்தத் தொழிற்சாலையில் பெரும் கலவரம் நடந்தது. தீயில் மனிதவள முகாமையாளர் ஒருவர் உயிரிழந்தார். அது ஒரு மனிதனின் சாவு, அதை மழுப்புறதுக்கு ஒண்டும் இல்லை. ஆனால் அதுக்குப் பிறகு நடந்ததையும் மழுப்பக் கூடாது. கம்பனி கதவடைப்பு அறிவித்தது. ஒரு மாதம் கழித்துப் பொலிஸ் காவலோடு திறந்தபோது 546 நிரந்தரத் தொழிலாளர் வேலைநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளர் கணக்கிலேயே வராமல் காணாமற்போனார்கள். 148 பேருக்கு எதிராக வழக்கு நடந்தது. 2017 இல் தீர்ப்பு வந்தபோது அதில் 117 பேர் குற்றமற்றவர்கள் எண்டு விடுவிக்கப்பட்டார்கள். அவர்களில் கனபேர் அதுக்கிடையில் வருசக்கணக்காகச் சிறையில் இருந்துவிட்டார்கள். குற்றம் செய்தவனைக் கண்டுபிடிக்கிறது நீதிமன்றத்தின் வேலை. 546 பேரை ஒரே அடியாகக் கழிக்கிறதுக்கு நீதிமன்றம் தேவைப்படவில்லை, ஒரு பூட்டுப் போதுமாக இருந்தது.

"அவனுக்கு வேலைநிறுத்தம், இவருக்குக் கதவடைப்பு, கணக்குச் சரிதானே?"

இதுதான் படித்த ஆக்கள் வழமையாகச் சொல்லுற நியாயம். தொழிலாளிக்கு வேலையை நிறுத்த உரிமை இருந்தால் முதலாளிக்கும் கதவை மூட உரிமை இருக்கத்தானே வேணும் எண்டு கேட்பார்கள். கேட்க நடுநிலையாக இருக்கும். ஆனால் தராசின் இரண்டு தட்டிலும் என்ன இருக்கு எண்டு பாருங்கோ. வேலைநிறுத்தத்தில் தொழிலாளி நிறுத்தி வைக்கிறது தன்னுடைய கையையும் காலையும். அவனிடம் அதைவிட வேறொண்டும் இல்லாதபடியால்தான் அதை நிறுத்துகிறான். கதவடைப்பில் முதலாளி நிறுத்தி வைக்கிறது மற்றவனுடைய அரிசியை. ஒரு மாதம் பூட்டினால் முதலாளியின் இலாபக் கணக்கில் ஒரு வரி குறையும். தொழிலாளி வீட்டில் அடகுக்கடைத் துண்டு ஒண்டு கூடும், பிள்ளையின் ரியூசன் நிற்கும், சீட்டுக் காசு கட்ட ஏலாமல் போகும். சம்பளம் வாங்குறவனுக்கும் சம்பளம் கொடுக்கிறவனுக்கும் தொடக்கத்திலேயே சமன் இல்லை. வேலைநிறுத்த உரிமை அந்தச் சமனின்மையைக் கொஞ்சம் நிமிர்த்த வந்தது. கதவடைப்பு உரிமை அதைத் திரும்பச் சாய்க்குது.

இது எங்கட கற்பனை இல்லை. போர்த்துக்கல் நாட்டில் 1974 இல் சர்வாதிகாரம் விழுந்த பிறகு, 1976 இல் எழுதப்பட்ட அரசியலமைப்பு இருக்கு. அதன் 57 ஆம் உறுப்புரையில் வேலைநிறுத்த உரிமை உத்தரவாதம் செய்யப்படுகிறது. அதே உறுப்புரையில் கதவடைப்புத் தடை செய்யப்படுகிறது. ஒண்டுக்கு உரிமை, மற்றதுக்குத் தடை. ஒரு நாட்டின் அரசியலமைப்பே இரண்டும் ஒண்டில்லை எண்டு எழுதி வைத்திருக்கு. போர்த்துக்கலில் இதனால் வானம் இடிந்து விழவுமில்லை, தொழிற்சாலைகள் எல்லாம் ஓடிப்போகவுமில்லை.

"அது அவருடைய சொந்தச் சொத்து, பூட்டுறதும் திறக்கிறதும் அவருடைய விருப்பம்" எண்டு சொல்லுவோர் இன்னொரு பகுதி. வீட்டுக் கதவும் தொழிற்சாலைக் கதவும் ஒண்டில்லை. அந்தத் தொழிற்சாலைக்கு ரோட்டுப் போட்டது பொதுக் காசில். வரிச்சலுகை கொடுத்தது பொதுக் காசில். வேலைநிறுத்தம் எண்டால் வந்து நிற்கிற பொலிஸின் சம்பளமும் பொதுக் காசில். இலாபம் வரும்போது மட்டும் அது சொந்த வீடாகிவிடும்.

பூட்டுக்குச் சட்டமும் சாதியும் காவல்

கதவை மூடுறவனுக்குத் துணைக்கு எப்பவும் ஆக்கள் வருவார்கள். சென்னை பின்னி கம்பனியின் பக்கிங்ஹாம் – கர்நாட்டிக் மில்களின் கதை அதுக்கு நல்ல பாடம். 1918 ஏப்ரலில் அங்கே மதராஸ் தொழிலாளர் சங்கம் உருவானது. இந்தியாவின் ஒழுங்கமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கங்களில் அதுவும் ஒண்டு. 1920 இல் கதவடைப்பு வந்தது. அதோடு கம்பனி நிற்கவில்லை. சங்கத் தலைவர் பி. பி. வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. என்ன குற்றம்? வேலை ஒப்பந்தத்தை மீறத் தொழிலாளரைத் தூண்டினது. கேற்றைப் பூட்டினவன் வழக்காளி, பூட்டுக்கு வெளியில் நிண்டவன் எதிராளி! நீதிமன்றம் தடையுத்தரவும் கொடுத்தது. இப்படியான வழக்குகளில் இருந்து சங்கங்களைக் காப்பாற்ற ஒரு சட்டம் வர 1926 வரைக்கும் போனது.

1921 இல் திரும்பவும் போராட்டம் வெடித்தபோது இன்னொரு பூட்டு வந்தது: சாதி. ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பகுதி அந்த வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. நிருவாகமும் அரசும் அந்தப் பிளவை நல்லாகப் பயன்படுத்திக்கொண்டன. புளியந்தோப்பில் தொழிலாளிகளின் குடிசைகள் எரிந்தன, போராட்டம் தோற்றது. இதில் "கருங்காலிகள்" எண்டு ஒரு பக்கத்தைத் திட்டிவிட்டுப் போகிறது சுகமான வேலை. ஆனால் மில்லுக்கு வெளியே கிணற்றிலும் தெருவிலும் ஒதுக்கி வைத்த ஒருவனிடம், மில் வாசலில் மட்டும் வந்து "தோழரே, ஒண்டா நிற்போம்" எண்டால் அவன் ஏன் நம்ப வேணும்? ஊரில் நாங்கள் பூட்டின கதவுகள்தான் வேலைத்தளத்தில் முதலாளியின் கையில் சாவியாகப் போய்ச் சேருகின்றன. யாழ்ப்பாணத்தில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இதுக்குமேல் விளக்கம் தேவையில்லை எண்டு நினைக்கிறேன்.

எங்கட நாட்டில் பூட்டு எப்படி இருக்கும்

இலங்கையின் மிகப் பெரிய கதவடைப்பைச் செய்தது எந்தத் தனியார் கம்பனியும் இல்லை, அரசாங்கம். 1980 யூலையில் வாழ்க்கைச் செலவுக்கு ஏற்பச் சம்பளத்தை உயர்த்தச் சொல்லி அரச ஊழியர்களும் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜே.ஆர். ஜெயவர்தன அரசாங்கம் அவசரகாலச் சட்டத்தின் கீழ், வேலைக்கு வராதவர்கள் "பதவியைத் தாங்களாகவே விட்டு விலகியவர்கள்" எண்டு அறிவித்தது. 40,000 க்கும் மேற்பட்டோர் ஒரு கையெழுத்தில் தெருவுக்கு வந்தார்கள். சொல்லைக் கவனியுங்கோ: வெளியில் தள்ளிவிட்டு, நீயாகத்தான் போனாய் எண்டு எழுதுறது. அந்த அடியில் இருந்து இலங்கைத் தொழிற்சங்க இயக்கம் முழுதாக எழும்பவே இல்லை. 1979 ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டம் இண்டைக்கும் அப்படியே இருக்கு. அரசாங்கங்கள் மாறினாலும், வேலைநிறுத்தம் எண்ட பேச்சு எழும்பினவுடன் அந்தச் சட்டத்தின் கீழ் வர்த்தமானி வாறது மாறவில்லை.

மலையகத்தில் பூட்டு வேறு மாதிரி. அங்கே தொழிலாளியை வெளியில் விட்டுக் கேற்றைப் பூட்ட ஏலாது. ஏனெண்டால் அவள் கேற்றுக்கு உள்ளேதான் பிறந்தாள், லயத்தில்தான் இருக்கிறாள். வீடும் வேலையும் ஒரே துரையின் கையில். முந்தி வேலை போனால் லயக் காம்பராவும் போகும், சட்டி பானையோடு றோட்டில் நிற்க வேண்டியதுதான். இப்ப முறை இன்னும் நுட்பமானது. 2021 இல் கம்பனிகள் மறுத்து நிண்டபோதும் சம்பள நிர்ணய சபை ஊடாக நாட்சம்பளம் 1000 ரூபா எண்டு வர்த்தமானி வந்தது. அதுக்குப் பிறகு பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறை கூட்டப்பட்டது, வேலை நாட்கள் குறைக்கப்பட்டன. சொன்ன கிலோ வராட்டி அரைப்பேர். முழு நாள் மலையில் ஏறி இறங்கி, அட்டைக்கடி வாங்கி, அரை நாள் சம்பளம். கேற் திறந்துதான் கிடக்கு, ஆனால் சம்பளத்துக்குப் போகிற வழி பூட்டியிருக்கு. அதே வருசம் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் போராட்டம் நடந்தபோது, முகாமையாளரைத் தாக்கினார்கள் எண்ட குற்றச்சாட்டோடு 38 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். மானேசர் கதையின் சின்னப் பிரதி.

வர்த்தக வலயங்களில் பூட்டே தேவையில்லை. 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம், 15 பேரோ அதுக்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில் ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஆளை நிறுத்துறதெண்டால் தொழிலாளியின் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேணும் எண்டு சொல்லுது. நல்ல சட்டம். ஆனால் முந்தைய 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்யாதவர்களுக்கு அது பொருந்தாது. அந்த ஓட்டைக்குள்ளால்தான் மேன்பவர் வியாபாரம் நடக்குது. விடிய வான் வரும், ஆளை ஏற்றும், நாளாந்தச் சம்பளம். நீ இண்டைக்கு வாய் திறந்தால் நாளைக்கு வான் உன்னுடைய சந்தியில் நிற்காது. வடக்கில் இருந்தும் மலையகத்தில் இருந்தும் கட்டுநாயக்க, பியகம பக்கம் போகிற எங்கட பெட்டையள் பெடியள் கனபேருக்கு இது தெரியும். இதுக்குப் பெயர் கதவடைப்பு எண்டு மட்டும் ஆரும் சொல்லுறதில்லை.

கடைசியாக, போனுக்குள்ளே இருக்கிற பூட்டு. 2024 இல் நியூயோர்க் நகரத்தில் ஊபர், லிஃப்ட் கம்பனிகள் சாரதிகளை வேலை குறைந்த நேரங்களில் செயலிக்குள் நுழைய விடாமல் தடுத்தன. நகரம் கொண்டுவந்த குறைந்தபட்ச ஊதிய விதியில், பயணி இல்லாமல் காத்திருக்கிற நேரமும் கணக்கில் வரும். ஆகவே காத்திருக்கிறவனையே வெளியில் தள்ளிவிட்டால் கணக்குச் சரி! அங்கத்தைய சாரதிகள் அதைக் கதவடைப்பு எண்ட சொல்லாலேயே அழைத்தார்கள். சாப்பாட்டுப் பொதியோடு மழையில் மோட்டர்சைக்கிள் ஓடுகிற எங்கட பெடியளுக்கும் ஒருநாள் திரையில் "உங்கள் கணக்கு இடைநிறுத்தப்பட்டுள்ளது" எண்டு வரலாம். திரும்பவும் அதே எழுவாய் இல்லாத வாக்கியம். அதைப் போய்க் கேட்க ஒரு கேற்கூட இல்லை.

அப்ப என்ன செய்யிறது?

முதலில், கேட்க வேண்டியதைக் கேட்போம். தொழிற்பிணக்கு நடக்கும்போது முதலாளி பூட்டினால், பூட்டின நாளுக்கெல்லாம் சம்பளம் கொடுக்க வேணும் எண்டு சட்டம் வரவேணும். வேலைக்குத் திரும்புறதுக்குக் கையெழுத்துக் கேட்கிறது குற்றமாக வேணும். 180 நாள் ஓட்டை அடைக்கப்பட வேணும், மேன்பவர் தொழிலாளியும் செயலித் தொழிலாளியும் சட்டத்தின் கண்ணில் தொழிலாளியாக வேணும். தொழிற்சட்டங்களை "நவீனப்படுத்துறம்" எண்டு ஒவ்வொரு அரசாங்கமும் சொல்லிக்கொண்டு வருது. அந்த வரைவு வரும்போது இந்த நாலும் அதில் இருக்கா எண்டு பாருங்கோ. இல்லையெண்டால் அது ஆருக்கான நவீனம் எண்டு விளங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது, சங்கங்களையும் விடக் கூடாது. சந்தாவை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, பூட்டு விழுந்த நாளில் போன் எடுக்காத தலைவர்கள் மலையகத்திலும் இருக்கினம், கொழும்பிலும் இருக்கினம். கதவடைப்பைத் தாங்குறதுக்குப் பேச்சு உதவாது, நிதி வேணும், சமைக்கிற இடம் வேணும், அரிசி பருப்பு வேணும். டப்ளினில் ஐந்து மாதம் தாக்குப்பிடித்தது சாப்பாட்டுக் கப்பலாலும் சூப்புக் கிடாரத்தாலும்தான். எங்கட சனத்துக்கு இது புதிசில்லை. இடம்பெயர்ந்து போன இடமெல்லாம் பொதுச் சமையல் செய்து பழகின ஆக்கள் நாங்கள். அந்தக் கிடாரத்தை ஒரு தொழிற்சாலை வாசலிலும் தேயிலைத் தொழிலாளியின் லயத்திலும் ஏன் வைக்க ஏலாது?

மூன்றாவது, தமிழ் அரசியல் பேசுறவர்களுக்கு. வடக்குக்கு முதலீடு வரட்டும், தொழிற்சாலை வரட்டும் எண்டு மேடையில் சொல்லுறீர்கள். வரட்டும். ஆனால் எந்த நிபந்தனையோடு எண்டு ஒரு வசனமாவது சொல்லுங்கோ. புலம்பெயர்ந்த தமிழர் ஒருவர் போடுகிற தொழிற்சாலையில் சங்கம் வைக்கலாமா, வைக்கக் கூடாதா? வேலைநிறுத்தம் செய்த பிள்ளையைத் தமிழ் முதலாளி கேற்றுக்கு வெளியில் நிறுத்தினால் நீங்கள் கேற்றின் எந்தப் பக்கம் நிற்பீர்கள்? இதுக்குப் பதில் சொல்லாமல் உரிமை எண்ட சொல்லைப் பாவிக்கிறது சரியில்லை.

ஒரு தொழிற்சாலையோ தோட்டமோ மூடப்பட்டது எண்டு அடுத்த முறை செய்தி வரும்போது மூண்டு கேள்வியைக் கேளுங்கோ. ஆர் மூடினது? அதுக்கு முதல் கிழமை தொழிலாளர் என்ன கேட்டவை? திரும்பத் திறக்கும்போது ஆரை உள்ளே விடேல்லை? செய்தி எழுதின ஆளுக்கும் அதே கேள்வியை அனுப்புங்கோ. பதில் வராட்டி, வாசலில் நிற்கிற ஆக்களிடம் நேரே போய்க் கேளுங்கோ. அவைக்கு மறுமொழி தெரியும்.